ஆந்தை பிடித்த கயிறு

என் அண்ணன் மூன்று நாள் கடலுக்கு அடியில் தூங்கி, நான்காம் நாள் முடி வெட்டிக்கொண்டு மேலே வந்தவன். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆய்வாளர் இதைக் குறிப்பேட்டில்கூட எழுதிக்கொண்டார். மூன்று நாள் என்பது மிகைதான். முக்கால் மணி நேரம். முடி வெட்டிய சங்கதி, அந்த ஆய்வாளர் கேட்ட தோரணை பிடிக்காமல் நான் போட்ட உபரி. ஆனால் தண்ணீருக்கு அடியில் அவன் தூங்கியதும், உயிரோடு வந்ததும் உண்மை.

எழுத வந்தது அவனைப் பற்றி அல்ல. அந்த முக்கால் மணி நேரமும் மேலே படகில் உட்கார்ந்து கயிறு பிடித்திருந்த அவன் மனைவியைப் பற்றி, என் அண்ணியைப் பற்றி.

துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் சாப்பாட்டு அறையில் போன வருடம் ஒரு பலகை மாட்டினார்கள். முக்குளிப்பவர்களுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் கயிறு பிடித்தவர்களின் பெயர்கள் அதில் வெள்ளைப் பெயிண்டில் இருக்கின்றன. மொத்தம் முப்பத்தொன்று. பதினாறு வருடம் பிடித்த அண்ணியின் பெயர் அதில் இல்லை. செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

"நான் என்னம்மா பண்றது? ஃபைல்ல 'பணியில் உறங்கினார்'னு இருக்கு. அதுக்கு மேல பெயிண்ட் அடிக்க முடியுமா?"

"ஃபைல் தப்பு."

"அப்படின்னா எழுத்துல குடுங்க. கமிட்டியில வெக்கிறேன்."

எழுத்தில் கொடுக்கிறேன். அண்ணி போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. அவளுக்கு இனிப் பலகையால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. அவள் தூங்கவில்லை என்று அந்தச் சுவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அது எனக்கு வேண்டியிருக்கிறது.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலின் அடிவயிற்றில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும். விட்டால் கப்பல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு நத்தையாக நகரும். அதைச் சுரண்டி எடுக்க ஆள் இறங்குவான். முகம் முழுவதையும் மூடும் கண்ணாடி முகமூடி, அதில் பொருத்திய நீண்ட காற்றுக் குழாய், இடுப்பில் ஒரு கயிறு, கையில் அகலமான இரும்புத் தகடு. அவனுக்கு வேண்டிய காற்றை மேலே படகில் இருக்கும் கம்ப்ரசர் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்ப்ரசரும் டீசலில் ஓடுவது. படகின் ஒரு முனையில் அது புகை விடும். மறுமுனையில் ஒரு கம்பத்தின் உச்சியில் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கும். காற்று திரும்பினால் கம்பத்தையும் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு விடும் புகையை அடியில் இருப்பவன் மூச்சாக இழுப்பான்.

கயிறு பிடிப்பவருக்கு இரண்டே வேலை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பது மற்றொன்று. 'நலமா' என்று அதற்கு அர்த்தம். அடியில் இருப்பவன் பதிலுக்கு ஒருமுறை இழுத்தால் 'நலம்'. இரண்டு இழுப்பு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. பதிலே வராவிட்டால் யோசிக்காமல் தூக்கு.

என் அண்ணனைத் துறைமுகத்தில் 'சுரண்டி' என்று கூப்பிடுவார்கள். குடும்பத்தின் மானம் கருதி நாங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிடுவதில்லை, சண்டை நாட்களைத் தவிர. அவனுக்கு முதலில் கயிறு பிடித்த ஆள் ஒரு நாள் படகிலேயே குறட்டை விட்டுவிட்டான். காற்றுக் குழாய் மடங்கிப் போய், அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே ஏறி வந்தான். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவனின் உதடு நீலமாக இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அண்ணி அப்போது ஒரு தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைலேர்ந்து நான் புடிக்கிறேன்" என்றாள்.

"உனக்கு நீச்சலே தெரியாது."

"நான் மேலதானே இருக்கப் போறேன். மேல இருக்கறவங்களுக்கு முழிச்சிருக்கத் தெரிஞ்சா போதும்."

கயிறு பிடிக்க அனுமதி அட்டை வேண்டும். அதற்குத் துறைமுக அலுவலகத்தில் ஒரு பரீட்சை. நீளமான வராந்தாவின் ஒரு கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று மணி நேரம் கயிற்றைப் பிடிக்க வேண்டும். மறுகோடியில் அதிகாரி தனக்குத் தோன்றும்போதெல்லாம் இழுப்பார். ஒரு இழுப்புக்குப் பதில் தவறினாலும் போச்சு. அண்ணி ஒன்றையும் தவறவிடவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் இழுப்பே வரவில்லை என்று இவள் இழுத்துப் பார்க்க, தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி நாற்காலியோடு தரையில் விழுந்தார். விழவில்லை, சரி. சாய்ந்தார். அன்றைக்கு அவளுக்கு வைத்த பெயர்தான் 'ஆந்தை'.

பொத்தான் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் கயிற்றைவிட்டுப் போகிறது என்று அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். மடியில் இரண்டு தகர டப்பா. ஒன்றில் பதினெட்டுப் பொத்தான், அதாவது ஒன்றரை மணி நேரம், அண்ணன் ஒரு தடவை இறங்கினால் இருக்கும் அளவு. ஐந்து நிமிட மணல் கடிகாரம் ஒன்று காலடியில். மணல் இறங்கியதும் ஒரு இழுப்பு. பதில் வந்ததும் ஒரு பொத்தான் இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு. பொத்தான் தீர்ந்தால் புருஷன் மேலே.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த இரண்டு வருடம் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பெயிண்டும் கயிறும் விற்கும் கடைக்கு மேலே இரண்டே அறை. நடுவில் பலகைத் தடுப்பு. வீடு முழுவதும் டர்ப்பன்டைன் வாசனை. ஒரு நாள் காலையில் அண்ணி எனக்கு டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அண்ணன் தெனமும் செத்துச் செத்துப் பொழைக்கிறாரு. உனக்குத் தெரியுமா?"

"குறட்டைதானே அண்ணி? எங்க குடும்பச் சொத்து."

"குறட்டை விடறப்ப பயமில்ல. விடாதப்பதான் பயம்."

உண்மைதான். தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன். ரம்பம் அறுப்பது போல் ஓடும் குறட்டை பட்டென்று நிற்கும். அதன் பிறகு ஒன்றுமே இருக்காது. நான் மனதுக்குள் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து. சில சமயம் முப்பத்தைந்து. அப்புறம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினவன் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தியும் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். உடம்பைக் குறைக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அப்போதெல்லாம் இதற்கு இயந்திரம் கிடையாது, எங்கள் ஊரிலாவது கிடையாது. மல்லாந்து படுக்காமல் இருக்க அண்ணி அவன் சட்டையின் முதுகில் ஒரு பை தைத்து அதில் ரப்பர் பந்தைப் போட்டுவிட்டாள். அந்தச் சட்டையோடு ஒரு காலை அவன் கதவைத் திறக்க, வந்திருந்த எங்கள் பெரியம்மா அவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாவம், கல்யாணத்தன்னிக்கு இந்தக் கூன் இல்லியே" என்றாள். அண்ணி அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது கொஞ்ச நாள்தான், அதனால் எழுதி வைக்கிறேன்.

பந்து பலிக்கவில்லை. கடைசியில் தொழிலையே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தையல் கடையிலிருந்து கொண்டுவந்த நாடா. ஒரு முனை அவன் மணிக்கட்டில், மறுமுனை இவள் மணிக்கட்டில். மூச்சு நின்றால் இருபது எண்ணுவாள், ஒரு இழுப்பு. முதலில் திட்டிக்கொண்டே எழுந்தான். அப்புறம் எழாமலே முனகினான். ஒரு வருடத்தில் என்ன ஆயிற்றென்றால், அவள் இழுத்ததும் தூக்கத்திலேயே அவன் கை திரும்ப ஒருமுறை இழுக்கும், மூச்சும் வந்துவிடும். கண் திறக்காது. ஆள் விழிக்க மாட்டான். கை மட்டும் 'நலம்' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். இதை நான் கதவிடுக்கில் நின்று என் கண்ணால் பார்த்தேன். இந்த இடத்தில் நான் ஒரு சொட்டுகூட மிகையாகச் சொல்லவில்லை என்பதைக் கமிட்டியார் அடிக்கோடிட்டுக் கொள்ளவும்.

ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன், தண்ணிக்குள் ஒன்றரை மணி நேரம் மூச்சு விடுகிறாய், கட்டிலில் விட முடியவில்லையா என்று.

"கீழ யாரோ தள்ளி விடறாங்க, நான் வாங்கிக்கறேன். மேல நானே இழுக்க வேண்டியிருக்கு. அதுதான் மறந்துடுது" என்றான்.

இதற்கெல்லாம் ஈடு கட்டியது அண்ணியின் தூக்கம். இரவில் அவள் தூங்கியது தையல் கடை வெட்டுத்துணி போல, துண்டு துண்டாகத்தான். முழுசாக என்று சொல்ல, மதியம் வேலை முடிந்து வந்ததும் ஒரு இரண்டு மணி நேரம். அப்போது அண்ணன் படுக்க மாட்டான். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, யார் மாடிப்படி ஏறினாலும் உதட்டில் விரலை வைத்துக் கீழேயே திருப்பி அனுப்புவான். அந்த வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் விழித்திருந்தார். அந்தத் தெருத் திருடர்கள் எங்களால்தான் வேறு தொழிலுக்குப் போனார்கள் என்று நான் சொல்வதுண்டு.

பதினாறு வருடம் அப்படி ஓடிற்று. எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, இரண்டு தெரு தள்ளிக் குடிபோனேன். பிறகு அந்த மழைக்காலம். ஒரு மாதம் புயலில் கப்பல்கள் வெளியே நின்றுவிட்டு, ஓய்ந்ததும் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. காலையில் ஒரு கப்பல், மதியம் ஒரு கப்பல் என்று மேஸ்திரி போட்டுவிட்டார். மதியத் தூக்கம் போயிற்று. ஒரு நாளா, இரண்டு நாளா? பதினோரு நாள்.

பத்தாவது நாள் மாலை நான் போனபோது அண்ணி மேஜையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டைத் தட்டில் வைத்துவிட்டு முட்டையைக் குப்பையில் போட்டாள். அதை அவள் பார்க்கவே இல்லை.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவுதான் அண்ணி. நான் வந்து புடிக்கிறேன். நீங்க படுங்க."

"நீ புடிச்சா கதை சொல்லிக்கிட்டே அவரை அங்கயே விட்டுட்டு வந்துடுவ."

"அட்டை வாங்கின வேற ஆளையாவது கேளுங்க."

"வேற எவன் கையிலயும் நான் கயித்தைக் குடுக்க மாட்டேன். ஒருத்தன் கையில இருந்ததைப் பார்த்தாச்சு." அப்புறம் கொஞ்சம் இறங்கின குரலில், "இன்னும் மூணு கப்பல்தான். அப்புறம் ஒரு வாரம் தூங்கறேன், வந்து எழுப்பாத" என்றாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து முகமூடியின் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் அவளைப் பார்த்தான்.

பதினோராம் நாள் காலை நான் அங்கே இல்லை. தெரிந்ததெல்லாம் குடிதண்ணீர் படகுக்காரர் சொன்னது. கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் அவரை எல்லோரும் தண்ணிக்காரர் என்பார்கள். அண்ணன் ஒன்பது மணிக்கு இறங்கினான். சரக்குக் கப்பல், நாலு மாடி உயரம், வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் நிழலில் கட்டியிருந்த சின்னப் படகில் அண்ணி. கம்ப்ரசர் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணி பத்துக்குத் தண்ணிக்காரர் அந்தப் பக்கம் வந்தார். அதற்குள் காற்று திரும்பியிருந்தது. படகின் புகை மேலே போகாமல் கம்பத்துப் பக்கமாகப் படிந்து கிடந்ததை அவர் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"ஆந்தை, கம்பத்தைத் திருப்பு" என்று கத்தினார். அவள் நிமிரவில்லை. தலை குனிந்திருந்தது, இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருந்தன. துடுப்பால் அவள் படகின் விளிம்பை ஓங்கி அடித்தார். உடனே அவள் கை முதலில் செய்தது ஒரு இழுப்பு. காத்திருந்தாள். பதில் இல்லை. பிறகு அவள் எழுந்து நின்று கயிற்றை வாரிய வேகத்தைப் பற்றித் தண்ணிக்காரர் சாகும்வரை பேசினார். தொண்ணூறு கிலோ ஆளை, நீச்சல் தெரியாத அந்த ஒல்லிப் பெண், தண்ணிக்காரர் தன் படகிலிருந்து தாவுவதற்குள் பாதி தூக்கிவிட்டாளாம்.

முகமூடியைக் கழற்றியபோது அண்ணன் முகம் செத்தவன் முகம் மாதிரி இல்லை. கன்னமும் உதடும் குழந்தைக்கு இருப்பது போல் செக்கச்செவேலென்று இருந்தன. புகை குடித்தால் அப்படித்தான் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முகமூடி முழு முகத்தையும் மூடியிருந்ததால் தண்ணீர் உள்ளே போகவில்லை. அதனால் உயிர் மிஞ்சியது. உயிரைத் தவிர மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து வந்தது. நடை, கைப்பிடி, பேச்சு. பேச்சு ஓரளவு திரும்பவே வருடங்கள் ஆயின.

மூன்று வாரம் கழித்து விசாரணை. துறைமுக அலுவலகத்தின் மாடியில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மேஜைமேல் அண்ணியின் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் ஐந்து பொத்தான், மற்றதில் பதிமூன்று. எழுபது நிமிடம் கீழே இருந்தவனுக்கு ஐந்து பொத்தான், இருபத்தைந்து நிமிடம். மீதி முக்கால் மணி நேரம் எங்கே என்று கேட்டார்கள்.

"நீங்க தூங்கினீங்களா?"

"தெரியல" என்றாள் அண்ணி.

"தூங்கினவங்களுக்குத்தானேம்மா தெரியாது" என்றார் ஓரத்தில் இருந்தவர். யாரோ சிரித்தார்கள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"அவங்க இழுத்தாங்க. பதிலும் வந்தது. பொத்தானை மாத்த மறந்துட்டாங்க, அவ்வளவுதான்."

"நீங்க யாரு?"

"தங்கச்சி. பள்ளிக்கூடத்துல விஞ்ஞானம் நடத்துறேன்."

அங்கேயே நின்று நாடாவைப் பற்றிச் சொன்னேன். புகையில் மயங்கியவன் கையும் தூங்குகிறவன் கையும் ஒன்றுதான், பதினாறு வருடம் தூக்கத்தில் பதில் சொல்லிப் பழகிய கை கீழேயும் பதில் சொல்லியிருக்கிறது, இவள் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறாள், கடைசியில் கையும் ஓய்ந்த பிறகுதான் பதில் நின்றது என்றேன். டால்பின் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியால் மேலே வந்து மூச்சு வாங்குவதைப் பாடப்புத்தகத்தின் பக்க எண் உட்படச் சொன்னேன்.

"உங்க அண்ணன் டால்பினா?" என்றார் அந்த ஓரத்து ஆள்.

"உங்களைவிட நல்லா நீந்துவான்" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். நீளமான பார்வை. மறுக்கவில்லை. மறுக்காததை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அதிகாரிகள் எடுத்துக்கொள்ளவில்லை. 'பணியில் உறங்கினார்' என்று எழுதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் இருபத்திரண்டு வருடம் அவள் மாலுமிகள் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்தாள். சோடா உப்பில் விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கும். மதியம் வந்து அண்ணனுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு மறுபடி போவாள். வீட்டில் முதுகு வைத்த நாற்காலியில் உட்காரவே மாட்டாள். முக்காலிதான். "சாஞ்சா கண்ணு சொருகிடும்" என்பாள். நாடா தொடர்ந்து இருந்தது. துறைமுகத்துப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றுவழியில், சந்தைத் தெரு வழியாகப் போய் வருவாள், மழையிலும்.

வந்தவர் போனவர் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் விடமாட்டேன். தூங்கும் கை பதில் சொன்ன கதையை முதலிலிருந்து சொல்லுவேன். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் கொழுத்தும் போயிற்று, ஒத்துக்கொள்கிறேன். நான் ஆரம்பித்ததும் அண்ணி பாத்திரம் கழுவ எழுந்து போவாள். கழுவப் பாத்திரம் இல்லாத நேரத்திலும் போவாள். தன்னைப் புகழ்வது பிடிக்காத அடக்கம் என்று நினைத்தேன்.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். "உங்க அண்ணி கண்ணை மூட மாட்டேங்கறாங்க, ஊசி போட்டாலும் ஒரு மணி நேரம்தான்" என்று நர்ஸ் என்னிடம் புகார் சொன்னாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க தூங்குங்க அண்ணி, வீட்ல அண்ணனை என் பையன் பார்த்துக்கறான்" என்றேன். "நாடா கட்டினானா?" என்று கேட்டாள். கட்டினான் என்றேன். அது பொய், அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அன்றைக்கு மாலை போய்விட்டாள்.

பலகையில் அவள் பெயரை எழுத வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள வாதம் இவ்வளவுதான். அவள் இழுத்தாள். தூங்கும் கை பதில் சொன்னது. அவள் தூங்கவில்லை.

இந்த இடத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டு, அனுப்புவதற்கு முன் தொழில் வார்த்தைகள் சரிதானா என்று பார்க்க அண்ணனிடம் போனேன். இப்போது காலை பத்து மணி. அவன் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருக்கிறான். ஆரம்பத்திலிருந்து உரக்கப் படித்தேன். பெரியம்மாவின் கூன் வந்தபோது தோள் குலுங்கச் சிரித்தான். விசாரணை வந்ததும் கையைத் தூக்கினான். அவனுக்கு ஒரு வாக்கியம் பேச நேரமாகும். இடையில் புகுந்து முடித்து வைத்தால் கோபம் வரும். காத்திருந்தேன். அவன் சொன்னதை, சொன்னபடியே கீழே எழுதுகிறேன்.

"கை பதில் சொல்லல."

"உனக்கு எப்படிண்ணா தெரியும்? நீதான் மயங்கிக் கிடந்தியே."

"மயங்கினது கடைசில. பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கும். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் சுரண்டிக்கிட்டுதான் இருந்தேன். அஞ்சு தடவை இழுத்தா. அதுக்கப்புறம் இழுப்பே வரல."

"இழுப்பு வராட்டா நீ இழுத்துப் பார்க்கணும் இல்ல? அதுதானே வழக்கம்?"

"வழக்கம்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவ தூங்கிட்டான்னு தெரிஞ்சுது. பதினோரு நாள் ஆச்சு. நான் ஒரு இழுப்பு இழுத்தா எழுந்துடுவா. இழுக்கல. காத்து வந்துக்கிட்டுதான் இருந்துது, வேலையும் ஓடுச்சு. தூங்கட்டும்னு விட்டேன். காத்து திரும்பும்னு நெனைக்கல."

நான் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அண்ணியிடம் இதைச் சொன்னானா என்று கேட்டேன்.

"பேச்சு வந்த வருஷமே சொன்னேன். 'இதுவும் உங்க தங்கச்சி கட்டின கதையா'ன்னு கேட்டா. இல்லன்னேன். நம்பல."